மேலே போயிருக்கிற காகிதம்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வசந்தாவைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக் காப்பிக்கடைக்குப் போனேன். வசந்தா என் மகள். பினாங்குக்கு வந்தபோது நாலு வயது, இப்போது பதினொன்று. கடைக்காரர் மேசைப் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஏதோ யோசனையில் இருந்தேன். "அப்பா, ஆர்டர் குடுங்க. அவரு எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்றாள்.

ஊரில் சர்க்கார் வேலையில் இருந்த பதினைந்து வருஷத்தில் நான் ஒருவருக்கும் ஆர்டர் கொடுத்தது கிடையாது. ஆர்டர் என்பது வருவது. மேலேயிருந்து வரும், அல்லது வராது. வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதை வசந்தாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். "மேலேயிருந்துன்னா மாடியிலேருந்தா?" என்று கேட்டாள். பிறகு அவளே இரண்டு காப்பியும் ரொட்டியும் மலாயில் சொல்லி வரவழைத்துவிட்டாள். அப்பனைவிடப் பிள்ளைக்கு இந்த ஊர் நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

அந்த வார்த்தை காதில் விழுந்தாலே எனக்கு ஆகாது. ஏன் என்று என் மனைவி கமலாவிடம்கூட முழுக்கச் சொன்னதில்லை. நான் ராஜினாமா கொடுத்து இந்த மாதத்தோடு ஏழு வருஷம் முடிகிறது. சர்க்கார் வேலையை உதறிவிட்டுத் தனியார் கம்பெனிக்கு வரலாமா, அங்கே நிலவரம் எப்படி என்று ஊரிலிருந்து சிலர் கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கு யோசனை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நடந்ததை எழுதுகிறேன். வாருங்கள், வராதிருங்கள், அது உங்கள் பாடு.

2

நான் இருந்தது செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ். எது என்று சொல்லப்போவதில்லை. ஒரு கார்த்திகை மாதம் கடலோரத்தில் புயல் அடித்தது. கோவளத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவே இருந்த குப்பங்களில் குடிசை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. சேதப் பட்டியல் எடுக்க என்னை அனுப்பினார்கள். சைக்கிளைப் பாதி தூரம் ஓட்டியும் மீதி தூரம் மணலில் தள்ளியும் நாலு நாள் அலைந்து, பேர் பேராக எழுதி மேலே அனுப்பினேன். பத்தாம் நாள் பட்டியல் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மசியில் ஒரு கேள்வி: குடிசைகளின் நீள அகலம் குறிக்கப்படாதது ஏன்?

காற்றில் போன குடிசைக்கு நீளம் ஏது, அகலம் ஏது. ஆனாலும் கேட்டது மேலிடம். அளவு சங்கிலியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். வெறும் மணலில் சங்கிலியைப் போட்டு, இங்கே சுவர் இருந்ததா, அங்கே இருந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்தேன். ஓலை முடைந்துகொண்டிருந்த ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அளந்துகினே இரு சார். நாங்க கட்டிகினே இருக்கறோம். எது மொதல்ல முடியுதுன்னு பாத்துக்கலாம்" என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து சங்கிலியை நகர்த்தினேன்.

அதே நேரத்தில் வண்டி வண்டியாகக் கீற்று வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கியவர் கோவளத்து பாய் ஒருவர். பினாங்கில் வெங்காயம், மிளகாய், சோப்பு என்று மொத்த வியாபாரம் செய்பவர். ஊருக்கு வந்த இடத்தில் புயலில் மாட்டிக்கொண்டார். யாருக்கு எத்தனை கீற்று என்று பட்டியல் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். என் புத்தி எனக்கு.

"பட்டியலா? வூடு இல்லாதவன் வெயில்ல நிக்கிறான் சார். கண்ணுல தெரியுதே, இன்னாத்துக்குப் பட்டியல்?"

அன்று மாலை அவரே என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். பினாங்கு ஆபீசைப் பார்த்துக்கொள்ள எழுதப் படிக்கத் தெரிந்த, கை சுத்தமான ஆள் வேண்டும், வந்துவிடுங்கள் என்றார். ஒரு வாரம் தூக்கம் இல்லாமல் யோசித்து ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். இடது பக்கம் ஓரம் விடாமல் எழுதியிருக்கிறேன் என்று அதுவும் திரும்பி வந்தது. ஓரம் விட்டு மறுபடி எழுதினேன். சர்க்கார் மாப்பிள்ளை என்று சொல்லிப் பெண் கொடுத்த என் மாமனார், நான் கப்பல் ஏறுகிறவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

3

இங்கே வந்து இறங்கியபோது குடிநுழைவு அதிகாரி ஒரு தாளைக் கொடுத்தார். தொழில் என்ற இடத்தில் 'சர்க்கார் உத்தியோகம்' என்று எழுதிவிட்டேன். எந்த சர்க்கார் என்று கேட்டார். அடித்துவிட்டு 'கம்பெனி குமாஸ்தா' என்று திருத்தினேன். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று வேறு தாள் கொடுத்தார். ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கடல் தாண்டினாலும் இவர்களெல்லாம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி அப்படியில்லை. கீழே கடையும் ஆபீசும், மேலே மாடி முழுக்க வெங்காயக் கிடங்கு. முதல் நாளே முதலாளி பாய் சொன்னார்: "நீங்களே பாத்து செஞ்சிருங்க சார். எல்லாத்துக்கும் என்னைக் கேக்க வாணாம்."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு அது பொறி மாதிரிப் பட்டது. சர்க்கார் ஆபீசில் மேலதிகாரி வாயால் 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நாளைக்கு ஏதாவது ஆனால் மாட்டப்போவது நீ. அதனால் வாய்ச்சொல்லை நம்பி எவனும் ஒரு துரும்பை அசைக்க மாட்டான். நாலு வரி எழுதி, அடியில் 'ஆர்டருக்காக' என்று போட்டு மேசைத் தட்டில் வைப்பான். எழுத்தில் பதில் வந்தால்தான் எழுந்திருப்பான். இதற்குப் பெயர் பயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

பினாங்கிலும் அதையே செய்தேன். பழக்கத்தில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதுவேன். முதலாளிக்கு இங்கிலீஷ் அரைகுறை. தட்டில் காகிதத்தைப் பார்த்தால் என்னைக் கூப்பிடுவார், நான் படித்துச் சொல்வேன், அவர் சிரித்துக்கொண்டு "சரி, செய்ங்க" என்பார். நாலு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. அவர் ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை.

4

கப்பலிலிருந்து மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய படகுக்கு இங்கே தொங்கான் என்று பெயர். எங்கள் தொங்கானில் இருந்தவன் அந்தோணி. கோவளத்துக்காரன், முதலாளிதான் அழைத்து வந்தார். மனைவியும் ஒரு மகனும் ஊரில். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கையில் தந்தியோடு என் முன்னால் வந்து நின்றான்.

"இன்னா சார் போட்டு கீது?"

படித்தேன். "உன் வீட்டுக்காரிக்கு உடம்பு ரொம்ப முடியலையாம். உடனே கிளம்பி வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

தந்தியை வாங்கி மடித்து மடியில் செருகினான். "வெள்ளிக்கெழம கப்பல் கீது சார். அத்த வுட்டா இன்னும் பதினஞ்சு நாளு. நீ ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா போதும், கப்பலாபீஸ்ல டிக்கெட்டு குடுத்துருவான்."

அவன் சொன்னது உண்மை. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் அடுத்த தெருவில். எங்கள் கம்பெனிச் சீட்டைக் காட்டினால் டிக்கெட் கிடைக்கும். அந்தச் சீட்டுப் புத்தகம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஒரு கையெழுத்து, ஐந்து நிமிஷம். ஆனால் அவனுக்கு ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் பாக்கி இருந்தது. ஒப்பந்தத்தின் நடுவில் ஆளை அனுப்புவதற்கு நான் யார் என்று தோன்றியது. முதலாளி தைப்பிங் ஊருக்குப் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார்.

"பேப்பர் போடறேன் அந்தோணி. வியாழக்கிழமை ஆர்டர் வந்துரும். நீ புறப்படறேன்னு ஊருக்குத் தந்தி அடிச்சுடு. அந்த அம்மா தெம்பா இருப்பாங்க" என்றேன்.

அவன் என் பேச்சை நம்பித் தந்தி அடித்தான். நான் நாலு வரி இங்கிலீஷில் எழுதி, அடியில் ஆர்டருக்காக என்று போட்டு, அந்த வார்த்தைக்குக் கீழே கோடும் இழுத்துத் தட்டில் வைத்தேன்.

வியாழக்கிழமை முதலாளி வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. இது இங்கே யாருக்கும் புரியாது. சர்க்கார் ஆபீசில் இருக்கிற உங்களுக்குப் புரியும். மேலே போன காகிதத்தைப் பற்றிக் கீழே இருப்பவன் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் அவனுக்கு அதில் ஏதோ சொந்த லாபம் என்று அர்த்தம். நாள் கணக்குப் பார்த்து நினைவூட்டுக் கடிதம் வைக்கலாம், அவ்வளவுதான்.

அன்று மட்டும் அந்தோணி மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் "மேலே போயிருக்கு" என்றேன். மூன்றாவது தடவை அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"மேல வெங்காயம்தான் கீது சார்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"நான் வோணா மொதலாளியாண்ட நேரா ஒரு வார்த்த கேட்டுக்கட்டா?" என்றான்.

"வேண்டாம். காகிதம் போயிருக்கும்போது குறுக்கே போனா காரியம் கெட்டுடும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். முதலாளி பத்தடி தள்ளி, தன் மேசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பல் போய்விட்டது.

5

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, அந்தோணி மனைவி இறந்துவிட்டாள் என்று இரண்டாவது தந்தி வந்தது. அந்தக் கப்பலில் ஏறியிருந்தால் முந்தின சனிக்கிழமையே கோவளத்தில் இறங்கியிருப்பான். இரண்டு நாள் அவளோடு இருந்திருப்பான்.

முதலாளிக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. "பொண்டாட்டிக்கு முடியலைன்னா அவன் ஏன் போகல?" என்று என்னைக் கேட்டார். காகிதம் வைத்தேனே என்றேன். எந்தக் காகிதம் என்றார். தேடினோம். மேசையில் இல்லை, தட்டில் இல்லை. கடைசியில் மீரான் அண்ணன் தன் கம்பியிலிருந்து உருவி எடுத்தார்.

மீரான் அண்ணன் விற்பனை பார்ப்பவர், எனக்கு மூத்தவர். வெளியூர்க் கடைகளிலிருந்து வரும் சரக்கு ஆர்டர்களை ஒரு கம்பியில் குத்தி வைத்து, வரிசையாக அனுப்புவார். என் காகிதம் இருபது மூட்டை மிளகாய்க்கும் பத்துப் பெட்டி சோப்புக்கும் நடுவில் குத்தியிருந்தது.

"எனுக்கு இங்கிலீஷ்ல அந்த ஒரு வார்த்ததான் தெரியும் மொதலாளி. ஆர்டர்னு கோடு போட்டு கீதேன்னு தட்டுலேர்ந்து எடுத்துக் குத்தி வெச்சேன். இன்னா சரக்குன்னு சாரைக் கேக்கணும்னு இருந்தேன், அந்த வாரம் வேல ஜாஸ்தி" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. வியாபாரத்தில் ஆர்டர் என்றால் சரக்கு. அது தெரியாமல் நாலு வருஷம் அதே அறையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

முதலாளி அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாசலுக்குப் போய், மூட்டை மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தோணியின் தோளில் கை வைத்தார்.

"சார் அன்னிக்கே என்னாண்ட சொல்லிட்டாருப்பா. நான்தான் மறந்துட்டேன். தப்பு என்னுது."

நான் பின்னாலேயே நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. ஒரு அடி முன்னால் வைத்து, இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து வருஷ சர்க்கார் வேலையில், மேலே இருப்பவர் கீழே இருப்பவன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எப்போதும் அது கீழ்நோக்கித்தான் வரும். அன்றைக்கு அது மேலே போனதும், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தோணி தோளை உதறி அவர் கையைத் தள்ளினான். அடுத்த கப்பலில் போனான். முதலாளி எந்தக் காகிதமும் இல்லாமல் டிக்கெட் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அவன் மறுபடி வரவேயில்லை. முதலாளி அதற்குப் பிறகு இதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "சர்க்கார்ல அத்தினி வருசம் இருந்தீங்க. ஒடம்புலேர்ந்து எறங்க நாளாவும்" என்றார். அவ்வளவுதான். என் சம்பளம், என் நாற்காலி எல்லாம் அப்படியே இருந்தது.

6

போன வருஷம் இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, ஒரு மாசி மாதம், முதலாளி மாரடைப்பில் போய்விட்டார். இங்கேயே அடக்கம் செய்தோம். அந்த வருஷக் கடைசியில் குடும்பத்தோடு ஊருக்குப் போனேன்.

செங்கல்பட்டில் மாமனார் வீட்டில் வசந்தா எல்லோருக்கும் வேடிக்கைப் பொருளானாள். "ஏன் எல்லாரும் வுட், வுட்ங்கறாங்க? இது செங்கல்ல கட்டினதுதானே?" என்று என்னைக் கேட்டாள். இங்கிலீஷில் வுட் என்றால் மரம். நம்மவர்கள் 'வூடு' என்பது அவள் காதில் மரம் என்று விழுந்திருக்கிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை இடம் மாறி விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் தனியாகப் பஸ் ஏறிக் கோவளம் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலாளி உயிரோடு இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை. ஊரில் பேச்சுப் பரவி, கம்பெனியில் என் இடம் போய்விடுமோ என்ற பயம். அவர் போன பிறகுதான் தைரியம் வந்தது.

அந்தோணி வீடு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "குந்து சார்" என்று பாயை விரித்தான். மகனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னான். அவனாகவே அவளைப் பற்றிப் பேசினான்.

"நீ அடிக்கச் சொன்னியே சார் தந்தி, அத்த அவளுக்குப் படிச்சுக் காட்டிட்டாங்க. அவரு கப்பல்ல வந்துகினு கீறாருன்னு. அப்பாலேர்ந்து ஒவ்வொரு பஸ்ஸு சத்தத்துக்கும் தலயத் தூக்கிப் பாப்பாளாம். கடசில தூக்க முடியல. எறங்கினாரா, எறங்கினாரான்னு வாயால கேட்டுகினே இருந்தாளாம்."

டீ வந்தது. டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நீ ஒருத்தன்தான் சார் எனுக்காக எழுதினே. அந்த பாயி மறந்துட்டானாம். மறக்கற விசயமா அது?"

அப்போது சொன்னேன். சீட்டுப் புத்தகம் என் இழுப்பறையில் இருந்தது, காகிதம் முதலாளி கண்ணிலேயே படவில்லை, நான் வாய் திறந்து கேட்கவில்லை, உன்னையும் கேட்க விடவில்லை, அவர் சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். ஒன்று விடாமல் சொன்னேன். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு இங்க வந்தாரு சார்" என்றான். "அவ போயி ஒரு வருசம் கழிச்சு. தோ, இந்த வாசல்லதான் வந்து நின்னாரு. அந்தோணி, மன்னிச்சுக்கப்பான்னாரு. நான் உள்ள இருந்துகினே காறித் துப்பினேன். அவரு காதுல விழணும்னு துப்பினேன். கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பால செருப்ப மாட்டிகினு போயிட்டாரு."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எங்க பொதச்சீங்க அவர?"

"பினாங்குல."

அவன் கையைப் பாயில் ஊன்றி எழுந்தான். வாசல் வரை போய், அவர் நின்றதாகச் சொன்ன இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"நான் துப்பினத இப்ப யாராண்ட போயி எடுத்துக்கறது?" என்று கேட்டான். "நீ படிச்சவன். சொல்லு சார்."